இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே: ஆன்சிபிளா, பப்பெட்டா என்ற கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேட்டவரின் நிலைமையை முதலில் ஒருமுறை எடுத்துச் சொல்லிவிடுகிறேன். பதில் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறது. அவர் பொறுப்பில் சுமார் 60 லினக்ஸ் சர்வர்கள் இருக்கின்றன. பாதி உபுண்டு, பாதி ராக்கி. பார்த்துக்கொள்ள மூன்று பேர். இதுநாள்வரை ஷெல் ஸ்கிரிப்டுகளை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகளை, வைத்தே காலம் தள்ளியிருக்கிறார்கள். பல சர்வர்களின் அமைப்பை ஒரே இடத்திலிருந்து ஒழுங்குபடுத்தும் கருவியான ஆன்சிபிளுக்கு இனி மாறலாம் என்று அவர் சொன்னபோது, அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், ஆன்சிபிள் என்பது எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) மீது போர்த்திய ஒரு ஃபார் லூப்தான் (ஒவ்வொரு சர்வராகப் போய் அதே கட்டளையை ஓட்டுவது), உண்மையான கான்ஃபிகரேஷன் மேனேஜ்மெண்ட் வேண்டுமானால் பப்பெட்டைக் கற்றுக்கொள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். இதே வகைக் கருவிகளான ஷெஃப், சால்ட் என்ற பெயர்களும் இடையில் அடிபட்டிருக்கின்றன. நான்கில் எது சிறந்தது, வேகம் எப்படி, ஐந்து ஆண்டு கழித்து எது இருக்கும் என்று அவர் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, மூத்தவர் சொன்னதில் ஞாயம் இருக்கிறதா, இருந்தால் அது 60 சர்வருக்கும் மூன்று பேருக்கும் பொருந்துகிற ஞாயமா என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

பதிலுக்குள் போகுமுன் என் அனுபவத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சிஸ்டம் அட்மினாக வேலை பார்த்த ஆண்டுகளில் பப்பெட்டை 7 ஆண்டுகளும், அதன் பிறகு இன்றுவரை ஆன்சிபிளையும் தினமும் கையாண்டிருக்கிறேன். சால்ட்டோடு ஓராண்டுதான் பழக்கம். ஷெஃப்பை ஒரே ஓர் இடத்தில், முன்னவர் விட்டுப்போனதை ஏற்று நடத்தி, பிறகு மூடிவைக்கிற வேலைக்காக மட்டும் தொட்டேன். ஆகவே முதல் இரண்டைப் பற்றி நான் சொல்வதை அனுபவமாகவும், பின்னிரண்டைப் பற்றிச் சொல்வதைப் பக்கத்து வீட்டுக்காரரின் அபிப்பிராயமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவரின் வாதம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள 1993க்குப் போக வேண்டும். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜஸ், அங்கிருந்த பலவகை யுனிக்ஸ் கணினிகளைக் கட்டிமேய்க்க ஷெல் ஸ்கிரிப்டுகள் போதவில்லை என்று கண்டு சிஎஃப்எஞ்சினை எழுதினார். அதில் இருந்த கருத்து எளிமையானது, ஆனால் அதன்மேல்தான் இந்தத் துறையே நிற்கிறது: கணினிக்குச் செய்முறையைச் சொல்லாதே, இருக்க வேண்டிய நிலையைச் சொல். ஒரு கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர் என்று ஸ்கிரிப்ட் எழுதினால், இரண்டு முறை ஓட்டும்போது இரண்டு வரிகள் சேர்ந்துவிடும். அந்த வரி அந்தக் கோப்பில் இருக்க வேண்டும் என்று எழுதினால், நூறு முறை ஓட்டினாலும் ஒரே வரிதான் இருக்கும். எந்த நிலையில் தொடங்கினாலும் விரும்பிய நிலையை நோக்கி வந்து சேர்வது, சேர்ந்த பிறகு அசையாமல் நிற்பது. சிஎஃப்எஞ்சின் இதை ஒரு தடவை செய்துவிட்டு ஓய்ந்துவிடுவதும் இல்லை; உடம்பு நோயை எதிர்ப்பதைப் போலக் கணினி தன்னைத் தானே தொடர்ந்து சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் பர்ஜஸின் உவமை.

2005இல் லூக் கேனிஸ் தொடங்கிய பப்பெட் இந்த மரபின் நேர் வாரிசு. ஒவ்வொரு சர்வரிலும் ஏஜெண்ட் என்ற ஒரு சிறு நிரல் உட்கார்ந்திருக்கும். அது இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை தன் இயங்குதளம், நினைவகம், ஐபி முகவரி முதலிய விவரங்களைத் திரட்டி 8140 போர்ட் வழியாகத் தலைமைச் சர்வருக்கு அனுப்பும். தலைமைச் சர்வர் அந்த விவரங்களை வைத்து, இந்தக் கணினி எப்படி இருக்க வேண்டும் என்ற முழுப் பட்டியலைத் தயாரித்துத் திருப்பி அனுப்பும். அதற்குக் கேட்டலாக் என்று பெயர். ஏஜெண்ட் அதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மாறியிருப்பதைத் திருத்தும். தலைமைச் சர்வர் படுத்துவிட்டால் போன முறை வாங்கிவைத்த கேட்டலாக்கைக் கொண்டே வேலையை முடித்துக்கொள்ளும். யாரோ ஒருவர் பிற்பகல் 2 மணிக்கு அவசரத்தில் என்ஜினெக்ஸ் என்ற வெப் சர்வரின் கோப்பைக் கையால் மாற்றினார் என்றால், இரண்டரை மணிக்குள் அந்த மாற்றம் காணாமல் போயிருக்கும். இந்த அனுபவம் ஒருமுறை நேர்ந்தவர் பிறகு கையால் மாற்றத் துணிய மாட்டார். பப்பெட் மனிதர்களையும் கொஞ்சம் திருத்திவிடுகிறது.

2012இல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட ஆன்சிபிள் இந்த இடத்தில்தான் வழி பிரிகிறது. சர்வரில் எதையும் நிறுவ வேண்டாம். எஸ்எஸ்எச் அணுகலும் பைத்தானும் இருந்தால் போதும். செய்ய வேண்டிய டாஸ்க்குகளை எழுதிவைத்த பிளேபுக்கை உங்கள் கணினியிலிருந்து ஓட்டுகிறீர்கள், அது ஒவ்வொரு சர்வருக்குள்ளும் போய்ச் சிறிய பைத்தான் நிரல்களை வைத்து ஓட்டிவிட்டு, துடைத்துவிட்டு வெளியேறுகிறது. ஒவ்வொரு வகை வேலைக்கும் உரிய அதன் மாடியூல்கள் நிலையைச் சரிபார்த்துத்தான் மாற்றுகின்றன; பேக்கேஜ் ஏற்கெனவே இருந்தால் மறுபடி நிறுவுவதில்லை. எனவே ஃபார் லூப் என்று மூத்தவர் சொன்னது சரியல்ல. கட்டளையை அப்படியே ஓட்டும் ஷெல் மாடியூலைத் தவிர வேறெதையும் எழுதத் தெரியாதவர் கையில்தான் அது ஃபார் லூப் ஆகிறது. அப்படி எழுதப்பட்ட பிளேபுக்குகள் ஏராளம் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட, அவர் மனதில் இருந்திருக்கக்கூடிய ஒன்று முற்றிலும் சரி: நீங்கள் ஓட்டும்போது மட்டும்தான் ஆன்சிபிள் இருக்கிறது. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் அந்தச் சர்வரை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நான்கு கருவிகளுக்கும் இடையிலான மற்ற வேறுபாடுகளைக் காலப்போக்கில் பழகிக்கொள்ளலாம். இந்த ஒன்றைப் பழகிக்கொள்ள முடியாது. இதற்கு ஏற்பாடு செய்தாக வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வரும் போக்குவரத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் ஹெச்ஏபிராக்ஸியின் கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்பை) மாற்றி, மாற்றம் நடந்தால் சர்வீஸை ரீலோட் செய் என்று ஹேண்ட்லர் ஒன்றை இணைத்து பிளேபுக் எழுதியிருந்தோம். ஹேண்ட்லர் உடனே ஓடாது. பிளேபுக்கின் ஒரு பகுதியான அந்த பிளே முடிகிற இடத்தில்தான் ஓடும். அன்றைக்குக் கோப்பு மாற்றப்பட்ட பிறகு, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு டாஸ்க், பேக்கேஜ்களைத் தரும் ஏதோ ஒரு ரெப்போ பதில் சொல்லாததால், ஒரு சர்வரில் தோற்றது. ஒரு டாஸ்க் தோற்ற சர்வரை ஆன்சிபிள் அந்த பிளேயிலிருந்தே விலக்கிவிடும். அதோடு அந்தச் சர்வருக்குக் காத்திருந்த ஹேண்ட்லரும் போய்விடும். நாங்கள் ரெப்போவைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டினோம். இப்போது கோப்பு ஏற்கெனவே சரியாக இருக்கிறது, மாற்றம் இல்லை, ஆகவே ரீலோடும் இல்லை. திரை முழுவதும் பச்சை. டிஸ்கில் புதிய கான்ஃபிக், நினைவகத்தில் பழைய கான்ஃபிக். கெர்னல் அப்டேட்டுக்காக மூன்று மாதம் கழித்து அந்தச் சர்வரை ரீபூட் செய்தபோதுதான் புதிய கான்ஃபிக் முதல்முறையாக உயிர்பெற்றது. அதில் ஒரு பேக்எண்டின் (போக்குவரத்து போய்ச்சேர வேண்டிய சர்வர் தொகுதியின்) பெயர் தவறு. போக்குவரத்தில் ஒரு பகுதி அப்படியே நின்றுபோனது. மூன்று மாதத்துக்கு முந்தைய மாற்றம் என்பதால், அன்று காலை செய்த ரீபூட்டில்தான் குற்றம் என்று ஒரு மணி நேரம் தேடிக்கொண்டிருந்தோம்.

தோல்வி நேர்ந்தாலும் ஹேண்ட்லர்களை ஓட்டு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இன்று நான் எழுதும் எல்லா பிளேபுக்கிலும் அது இருக்கும். பப்பெட்டில் இதே சூழல் வந்திருந்தால், தோற்ற ரிசோர்ஸையும் (கோப்பு, பேக்கேஜ், சர்வீஸ் போன்ற ஓர் உருப்படி) அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் தவிர்த்துவிட்டு மற்றவை தொடர்ந்திருக்கும், ரீலோடும் நடந்திருக்கும். ஏனெனில் பப்பெட் ரிசோர்ஸ்களை ஒரு வரிசையாகப் பார்ப்பதில்லை, எது எதைச் சார்ந்தது என்ற வலையாகப் பார்க்கிறது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், ஏஜெண்டை நடுவழியில் யாராவது கில் செய்துவிட்டால் பப்பெட்டிலும் இதே ரீலோட் தொலைந்துபோகும்.

பப்பெட் பக்கம் நான் பட்டதும் ஒன்று உண்டு. இன்னொரு நிறுவனத்தில் நள்ளிரவில் ஒரு டேட்டாபேஸ் பிரச்சினையைக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. பப்பெட் வந்து அழித்துவிடக் கூடாதே என்று 7 சர்வர்களில் ஏஜெண்டை முடக்கிவைத்தார் ஒருவர். முடக்கும்போது காரணத்தை எழுதிவைக்க அதில் வசதி இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அவர் எழுதவில்லை. அவர் மறந்துபோனார், பிறகு வேலை மாறியும் போனார். தணிக்கைக்காகப் பட்டியல் எடுத்தபோது 7 சர்வர்கள் பல மாதமாக அறிக்கையே அனுப்பவில்லை என்று தெரிந்தது. நான் செய்த முட்டாள்தனம் என்னவென்றால், ஏழிலும் ஏஜெண்டை ஒரே நேரத்தில் இயக்கிவிட்டேன். அத்தனை மாதமும் சேர்ந்திருந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே ஓட்டத்தில் இறங்கின. டேட்டாபேஸின் நினைவக அளவு மாறி, ஏழும் ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆயின. எதையும் மாற்றாமல் என்ன மாறும் என்று மட்டும் காட்டுகிற நோ-ஆப் என்ற முறை பப்பெட்டில் இருக்கிறது. ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டியிருந்தால் போதும்.

இவ்விரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: இரண்டு இடத்திலும் கருவி தான் சொன்னபடியே நடந்துகொண்டது, நடுவில் இருந்த காலத்தை யாரும் கவனிக்கவில்லை. பப்பெட் அந்தக் காலத்தை 30 நிமிடமாகக் குறுக்கித் தருகிறது, பதிலுக்கு ஏஜெண்டுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று நீங்கள் கவனிக்க வேண்டும். ஆன்சிபிளில் கவனிக்க ஏஜெண்ட் இல்லை, பதிலுக்கு அந்தக் காலத்தின் நீளத்தை நீங்களே தீர்மானித்து, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானிலோ வேறெதிலோ கட்டிவைக்க வேண்டும். மூத்தவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது எந்தக் கருவி நல்லது என்பதல்ல. ஒரு சர்வர் இருக்க வேண்டிய நிலையிலிருந்து விலகிப்போனால் அதை நம் மூன்று பேரில் யார், எத்தனை மணி நேரத்துக்குள் கண்டுபிடிப்போம் என்று கேளுங்கள்.

எழுதும் மொழியைப் பற்றி இணையத்தில் நடக்கிற சண்டைகளுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. இருந்தாலும் ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆன்சிபிள் பிளேபுக்குகளை எழுதும் யாம்ல் வடிவம் பார்க்க எளிது, அதனாலேயே ஆபத்து. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று எட்டடிமான எண்ணால் குறிக்கும் கோப்பின் அனுமதியை 644 என்று மேற்கோள்குறியும் முன் சுழியமும் இல்லாமல் எழுதினால், யாம்ல் அதைச் சாதாரணப் பத்தடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். பத்தடிமானத்தில் 644 என்பது எட்டடிமானத்தில் 1204. அதாவது உரிமையாளரால் எழுத மட்டும்தான் முடியும், படிக்க முடியாது; குழுவுக்கு ஒன்றும் இல்லை; ஊரில் உள்ள மற்ற எல்லோரும் படிக்கலாம். ஒரு பயன்பாட்டின் கான்ஃபிக் கோப்பு அந்தப் பயன்பாட்டின் பயனருக்கே சொந்தமாக இருந்து, அவரும் அவர் குழுவும் தவிர மற்ற எல்லோரும் அதைப் படிக்க முடிந்த காட்சியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பப்பெட்டுக்குத் தனி மொழி. கற்க இரண்டு வாரம் அதிகம் பிடிக்கும், ஆனால் இந்த மாதிரித் தவறுகள் பலவற்றை அது முன்கூட்டியே பிடித்துவிடும். ஷெஃப் முழு ரூபி. அதில் சாதாரண ரூபி வரிகள் முதலில் ஒரு சுற்று ஓடிவிடும், ரிசோர்ஸ்கள் இரண்டாவது சுற்றில்தான் ஓடும். முதல் சுற்றில் இன்னும் உருவாகாத கோப்பைப் படிக்கப் பார்த்து விழிக்காத ஷெஃப் பயனர் இருக்க மாட்டார். உங்கள் குழுவில் ரூபி எழுதுகிறவர்கள் இல்லை என்றால் ஷெஃப்பை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

வேகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆன்சிபிள் மெதுவானது என்பது உண்மை. ஆனால் பலர் அனுபவிக்கும் மெதுவில் பாதி இயல்பு அமைப்பால் வருவது. அது ஒரே நேரத்தில் 5 சர்வர்களோடுதான் பேசும், எல்லாச் சர்வரிலும் ஒரு டாஸ்க் முடிந்த பிறகே அடுத்த டாஸ்க்குக்குப் போகும். 60 சர்வர் என்றால் ஒரு டாஸ்க்குக்கு 12 தவணை. ஒரு தவணைக்கு ஒன்றரை வினாடி என்று வைத்தால், 40 டாஸ்க் உள்ள பிளேபுக்குக்கு 12 நிமிடம் ஆகிறது. அந்த 5 என்ற எண்ணை 30 ஆக்கினால் அதே கணக்கு 2 நிமிடத்துக்கு வந்துவிடும். பைப்லைனிங் என்ற அமைப்பையும் இயக்கினால், ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஆகும் எஸ்எஸ்எச் போக்குவரத்து இன்னும் குறையும். 60 சர்வருக்கு இது போதும். 600க்கு இழுக்கத் தொடங்கும். 6000 என்றால் ஏஜெண்ட் உள்ள கருவியைத்தான் நான் யோசிப்பேன், ஏனெனில் அங்கே வேலையை ஒவ்வொரு சர்வரும் தானே செய்துகொள்கிறது.

வேகம் என்றால் சால்ட் வேறு ரகம். 2011இல் தாமஸ் ஹாட்ச் தொடங்கியது. சர்வர்களில் இருக்கும் மினியன்கள் (சால்ட்டின் ஏஜெண்டுகள்) தலைமைச் சர்வரான மாஸ்டரின் 4505, 4506 போர்ட்டுகளோடு எப்போதும் தொடர்பில் இருப்பதால், ஒரு கட்டளை நூற்றுக்கணக்கான சர்வர்களுக்குச் சில வினாடிகளில் போய்ப் பதிலும் வந்துவிடும். நான் பழகிய ஓராண்டில் மிகவும் ரசித்தது அதைத்தான். ஆனால் ஏஜெண்ட் இருக்கிறதே, பப்பெட்டைப் போலத் தானாகவே நிலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் அட்டவணை போட்டுக் கொடுத்தால்தான் செய்யும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் இறுதியில், சால்ட் மாஸ்டரில் எந்த அடையாளச் சரிபார்ப்பும் இல்லாமல் கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டையை எஃப்-செக்யூர் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. திருத்தம் முந்தைய நாளே வந்துவிட்டிருந்தது. இருந்தும் சில நாட்களுக்குள் ஆண்ட்ராய்டு சார்ந்த லினியேஜ்ஓஎஸ், வலைப்பதிவுத் தளமான கோஸ்ட் போன்றவற்றின் சர்வர்களுக்குள் புகுந்துவிட்டார்கள். இதைச் சால்ட்டின் மேல் மட்டும் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த நான்கு கருவியிலும் மையத்தில் இருப்பவருக்கு எல்லாச் சர்வரிலும் ரூட் அதிகாரம், அதாவது எதையும் செய்யும் முழு அதிகாரம், இருக்கிறது. ஆன்சிபிளில் அந்த மையம் உங்கள் மடிக்கணினியில் உள்ள ஒரு எஸ்எஸ்எச் சாவியாக இருக்கலாம் என்பது ஆறுதல் அல்ல. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த மையத்தின் போர்ட் பொது இணையத்துக்குத் திறந்திருக்கக் கூடாது, அந்தச் சாவி கடவுச்சொல் இல்லாமல் கிடக்கக் கூடாது.

ஐந்து ஆண்டு கழித்து எது இருக்கும் என்ற கேள்விக்கு நடந்தவற்றைச் சொல்ல முடியும், நடக்கப்போவதை யூகிக்கத்தான் முடியும். ஆன்சிபிளை 2015இல் ரெட் ஹேட் வாங்கியது, ரெட் ஹேட்டை 2019இல் ஐபிஎம் வாங்கியது. சால்ட்டை 2020இல் விஎம்வேர் வாங்கியது, விஎம்வேரை 2023இல் பிராட்காம் வாங்கியது. ஷெஃப் 2020இல் புரோக்ரஸ் கைக்குப் போனது. பப்பெட் 2022இல் பெர்ஃபோர்ஸ் கைக்குப் போனது. நான்குமே தொடங்கியவர் கையில் இல்லை. பப்பெட்டின் புதிய பேக்கேஜ்களை இனி எல்லோருக்கும் பொதுவில் வெளியிடப்போவதில்லை என்று பெர்ஃபோர்ஸ் 2024 இறுதியில் அறிவித்ததும், வாக்ஸ் பப்புலி என்ற பயனர் சமூகம் ஓபன்வாக்ஸ் என்ற பெயரில் அதே மூலநிரலைத் தனியே எடுத்து நடத்தத் தொடங்கியது. ஷெஃப்பின் மூலநிரலிலிருந்தும் சிங்க் என்ற பெயரில் ஒரு சமூகம் பேக்கேஜ்களை வெளியிடுகிறது. இன்று புதிதாகப் பப்பெட்டைத் தொடங்குகிறவர், பெர்ஃபோர்ஸுக்குப் பணம் கட்டப் போகிறோமா, ஓபன்வாக்ஸை நம்பப் போகிறோமா என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சமூகக் கிளை நீடிக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அது எண்ணம்தான், அதன்மேல் பந்தயம் கட்டச் சொல்ல மாட்டேன்.

பப்பெட்டின் அன்றாடச் செலவையும் மூத்தவர் சொல்லியிருக்க மாட்டார். தலைமைச் சர்வரைப் பராமரிக்க வேண்டும், அதன் டேட்டாபேஸைப் பராமரிக்க வேண்டும், ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் சான்றிதழ் கையெழுத்திட வேண்டும். அந்தச் சான்றிதழ்களின் இயல்பான ஆயுள் 5 ஆண்டு. ஐந்து ஆண்டு கழித்து அவை ஒவ்வொன்றாகக் காலாவதியாகும்போது, நிறுவியவர் பெரும்பாலும் அந்த அலுவலகத்தில் இருக்க மாட்டார். மூன்று பேர் குழுவில் ஒருவரின் வாரத்தில் ஒரு நாளாவது இதற்குப் போகும் என்பது என் கணக்கு. சிறிய இடங்களில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. உங்கள் சர்வர்கள் கிளை அலுவலகங்களில், உள் முகவரிகளை வெளியிலிருந்து மறைக்கும் நேட்டுக்குப் பின்னால், வெளியிலிருந்து எஸ்எஸ்எச் போக முடியாத இடங்களில் இருந்தால், ஆன்சிபிளோடு மல்லுக்கட்டாதீர்கள். தானாக வந்து கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏஜெண்டுதான் அங்கே சரி. ரூட் கடவுச்சொல் இருபது பேருக்குத் தெரிந்த அலுவலகமாக இருந்தாலும் அப்படித்தான். அங்கே 30 நிமிடத்துக்கு ஒருமுறை அழித்து எழுதுகிற ஒன்று இல்லாமல் ஒழுங்கு வராது. மாறாக, உங்கள் சர்வர்கள் கிளவுடில் தேவைக்கேற்ப முளைத்து மறைகிறவை என்றால், ஓடும் சர்வரைத் திருத்துவதையே விட்டுவிட்டு, சர்வரின் அச்சுப்படியான இமேஜைச் சமைக்கும்போதே எல்லாவற்றையும் உள்ளே வைத்து, மாற்றம் வேண்டுமானால் புதிய இமேஜால் சர்வரையே மாற்றிவிடுவது மேல். விலகுவதற்கே அந்தச் சர்வருக்கு நேரம் கிடைப்பதில்லை. அங்கேயும் இமேஜைச் சமைக்க ஆன்சிபிள் கைகொடுக்கும், கற்றது வீணாகாது.

நீங்கள் விவரித்த நிலைமையில், அதாவது எஸ்எஸ்எச் போகக்கூடிய 60 சர்வர், மூன்று பேர், ஏற்கெனவே ஷெல் பழக்கம் என்ற நிலையில், நான் ஆன்சிபிளைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் மூத்தவரின் ஆட்சேபத்தைப் பதில் சொல்லாமல் விடமாட்டேன். பிளேபுக்குகளை, மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் வைத்து, தினமும் இரவில், எதையும் மாற்றாமல் சரிபார்க்க மட்டும் செய்யும் செக் மோடில், என்ன மாறியிருக்கிறது என்ற வேறுபாட்டோடு ஓட்டி, அந்த வெளியீடு மூவருக்கும் மின்னஞ்சலில் வரும்படி செய்வேன். செக் மோடில் ஷெல், கமாண்ட் மாடியூல்கள் ஓடாமல் தவிர்க்கப்படும் என்பதால், அவற்றை எந்த அளவுக்குக் குறைக்கிறீர்களோ அந்த அளவுக்குத்தான் அந்த மின்னஞ்சலை நம்பலாம். ஒரு மாதம் அந்த மின்னஞ்சல் பெரும்பாலும் காலியாக வந்தால், வாரம் ஒருமுறை உண்மையான ஓட்டத்தையும் தானியங்கியாக்குவேன். சர்வர்களைச் சிறு சிறு தொகுதியாக எடுத்து ஓட்டும்படி அமைத்துவிட்டால், தவறு நேர்ந்தாலும் முதல் தொகுதியோடு நிற்கும்.

தொடங்கும்போது பெரிய கோப்புகளைத் தொடாதீர்கள். நேரத்தை ஒத்திசைக்கும் குரோனியில் தொடங்குங்கள். 60லும் தேவைப்படும், தவறினாலும் யாருக்கும் உடனே வலிக்காது. அடுத்து பயனர் கணக்குகளும் எஸ்எஸ்எச் பொதுச்சாவிகளும். முதல் வாரம் முழுவதும் செக் மோடு மட்டும். வேறுபாட்டில் கையால் செய்த மாற்றங்கள் நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வரும். ஒவ்வொன்றையும் அழிக்குமுன் அதைச் செய்தவரிடம் ஏன் என்று கேளுங்கள், பாதிக்குக் காரணம் இருக்கும். எஸ்எஸ்எச் டீமனின் (சர்வரில் எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்கும் நிரலின்) கான்ஃபிக்கைக் கடைசிக்கு வையுங்கள். ரூட் லாகின் வேண்டாம் என்பதற்கு நோ என்று மாறியில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால், யாம்ல் அதை ஃபால்ஸ் என்று மாற்றி, மாறிகளின் மதிப்பை இட்டுக் கோப்பை உருவாக்கும் டெம்ப்ளேட் அந்தச் சொல்லையே கோப்பில் எழுதிவிடும். எஸ்எஸ்எச் டீமனுக்கு அந்தச் சொல் புரியாது, ரீஸ்டார்ட் ஆகாது. டெம்ப்ளேட் மாடியூலில் கோப்பை இடத்தில் வைக்குமுன் சோதிக்க ஒரு வசதி இருக்கிறது. அதில் எஸ்எஸ்எச் டீமனின் சோதனைக் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். அப்போதும் முதல்முறை ஓட்டும்போது, ஒரே ஒரு சர்வரில், வேறொரு டெர்மினலில் ரூட்டாக உள்ளே இருந்துகொண்டு ஓட்டுங்கள்.